திருஷ்டித் துண்டு

எங்கள் கூட்டத்தில் ஒரு சட்டம் உண்டு. எந்தப் போர்வை தைத்தாலும் அதில் ஒரு தப்பு இருக்க வேண்டும். ஒன்றே ஒன்று, அதுவும் வேண்டுமென்றே செய்ததாக. ஒரு சதுரத்தைத் தலைகீழாக வைப்பது, மஞ்சள் வரவேண்டிய இடத்தில் பச்சையை வைப்பது, இப்படி ஏதாவது. இல்லாவிட்டால் கண் பட்டுவிடுமாம். அந்தத் தப்புக்குத் திருஷ்டித் துண்டு என்று பெயர். எங்கள் தையலின் லட்சணத்துக்கு யார் கண்ணும் படாது என்பது வேறு விஷயம். ஆனாலும் சட்டம் சட்டம்தான்.

சட்டம் போட்டவள் என் ஓரகத்தி. என் கணவரின் அண்ணன் மனைவி. நான் அவளை அக்கா என்று கூப்பிடுவேன். கூட்டத்தில் அவளைவிட வயதில் மூத்தவர்களும் அக்கா என்றுதான் கூப்பிடுகிறார்கள், வேறு வழியில்லை. வீட்டில் அவள் குடும்பம் மாடியில், எங்கள் குடும்பம் கீழே. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அவள் என் தலைக்கு மேல்தான் நடந்துகொண்டிருக்கிறாள். இதை நான் உவமையாகச் சொல்லவில்லை.

கூட்டம் நடப்பது குளியலறைச் சாமான்கள் விற்கும் கடைக்கு மேலே ஒரு நீளமான அறையில். சனிக்கிழமை மத்தியானம் கடைக்காரர் அதை எங்களுக்கு விட்டுக்கொடுக்கிறார். மாடிப்படித் திருப்பத்தில் ஒரு வாஷ்பேசின் நிற்கும். விற்பனைக்கு வைத்தது, குழாயைத் திறந்தால் தண்ணீர் வராது. புதிதாக வருகிறவர்கள் ஒரு முறையாவது திறந்து பார்ப்பார்கள். கதவில் 'ஒட்டுப்போர்வைக் கூட்டம்' என்று பலகை மாட்டச் சொல்லியிருந்தோம். எழுதியவர் ஒரு சுழியைக் கூடுதலாகச் சுழித்து 'ஓட்டுப்போர்வைக் கூட்டம்' என்று எழுதிவிட்டார். அதிலிருந்து தேர்தல் நேரத்தில் யாராவது மேலே ஏறி வந்து, போர்வை எப்போது கொடுப்பீர்கள் என்று கேட்டுவிட்டுப் போகிறார்கள்.

நாங்கள் ஐந்து பேர். பல் டாக்டரம்மா நாள் முழுக்க மற்றவர்களை வாயைத் திறக்கச் சொல்கிறவர். அவர் தைத்த தையல் மட்டும் எங்கேயும் வாயைத் திறக்காது, அவ்வளவு இறுக்கம். கணக்கு டீச்சர் கட்டம்போட்ட தாளில் மாதிரி வரைந்து கொடுப்பவர். வேன்காரம்மா பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவர். தையல் மெஷினையும் அதே வேகத்தில்தான் ஓட்டுவார், அவர் பெடலிலிருந்து காலை எடுக்கும்போது எதிரே உட்கார்ந்திருக்கும் நமக்கு முன்பக்கம் சாய்கிற மாதிரி இருக்கும். நான் மருந்துக் கடையில் வேலை செய்கிறேன். அப்புறம் அக்கா. அவள் எங்கேயும் வேலை செய்யவில்லை. எங்களை வேலை வாங்குகிறாள்.

ஒவ்வொரு போர்வைக்கும் முன்னால் சீட்டுக் குலுக்குவோம். ஐந்து சீட்டில் ஒன்றில் ஒரு புள்ளி இருக்கும். புள்ளி வந்தவர் தன் பங்கில் ஒரு தப்பைத் தைக்க வேண்டும், வெளியே மூச்சு விடக் கூடாது. எல்லாம் தைத்து முடிந்து தரையில் விரித்த பிறகு, தப்பு எங்கே இருக்கிறது என்று எல்லோரும் தேடுவோம். கண்டுபிடித்தவருக்கு முதல் டீ. இதில் எங்களுக்கு இருக்கும் ஆர்வத்தைப் பார்த்தால், போர்வையே இதற்காகத்தான் தைக்கிறோமோ என்று தோன்றும்.

வேண்டாத தப்புக்கு வேறு சட்டம். அதையும் அக்காதான் போட்டாள். சீட்டில் புள்ளி இல்லாதவர் தப்பு செய்தால் முதல் தடவை எச்சரிக்கை. இரண்டாவது தடவை இஸ்திரி மேசை. ஜன்னல் ஓரத்தில் இருக்கிறது அது. ஒட்டுத்துணியில் ஒவ்வொரு தையலையும் தைத்தவுடன் மடிப்பைத் திருப்பி இஸ்திரி போட வேண்டும், இல்லாவிட்டால் அடுத்த தையல் கோணிக்கொள்ளும். ஆகவே வேலை இருந்துகொண்டே இருக்கும், மதிப்புத்தான் இருக்காது. முன்பு ஒரு அம்மாள் வெள்ளையையும் சந்தன நிறத்தையும் இரண்டு முறை மாற்றித் தைத்துவிட்டு அங்கே போனார். இரண்டு வாரம் இஸ்திரி போட்டார். மூன்றாவது வாரம் வரவில்லை. பிறகு ஒரு முறை என் மருந்துக் கடைக்கு வந்தபோது, இப்போது மண் சட்டிக்கு வர்ணம் தீட்டப் போவதாகவும் அங்கே எல்லோரும் மனிதர்களாக இருப்பதாகவும் சொன்னார்.

வினை வந்தது டீச்சர் மகனின் போர்வையில். பையன் விடுதிக்குப் போகிறான், அழுக்குத் தெரியாத போர்வையாக இருக்க வேண்டும் என்பது டீச்சரின் ஒரே நிபந்தனை. கறுப்பு, கருநீலம், சாம்பல் என்று மூன்று நிறம் எடுத்தோம். தைத்து முடித்துத் தரையில் விரித்தோம். ஒரு சாம்பல் சதுரம் உள்பக்கம் வெளியே தெரியும்படி தைக்கப்பட்டிருந்ததை டாக்டரம்மா கண்டுபிடித்தார். "என்னோடதுதான்" என்று டீச்சர் கையைத் தூக்கினார். டாக்டரம்மாவுக்கு டீ ஊற்றினோம். அத்தோடு முடிந்திருக்க வேண்டும்.

"இன்னொண்ணு இருக்குங்க" என்றார் வேன்காரம்மா. வண்டி ஓட்டுகிறவர் இல்லையா, கண் எதையும் விடாது. "கருநீலம் வரவேண்டிய எடத்துல கறுப்பு இருக்கு. அதோ, அந்த மூலையில."

அந்த மூலை அக்கா தைத்தது. வேன்காரம்மாவுக்கு அது சொன்ன பிறகுதான் உறைத்தது. பாவம், முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே.

"எங்க? எந்த மூலை?" என்று அக்கா எழுந்து வந்தாள். குனிந்தாள். கண்ணைச் சுருக்கினாள். ட்யூப்லைட்டைத் திட்டினாள். அந்த ட்யூப்லைட்டை அவளுக்காகவே பல முறை மாற்றியாகிவிட்டது. பிறகு, "ஆமா! கொட்டை எழுத்துல தெரியுதே! இதுகூடவா கவனிக்க மாட்டீங்க?" என்று ஒரு சதுரத்தின் மேல் விரலை வைத்தாள்.

அவள் விரல் வைத்தது வேறு மூலையில். அது என்னுடைய மூலை. அங்கே இருந்தது சுத்தமான, சரியான கருநீலம்.

டாக்டரம்மா மேலே மின்விசிறியைப் பார்த்தார். டீச்சர் காலி டம்ளரிலிருந்து டீ குடித்தார். அக்கா விரலை எடுக்காமல் நிமிர்ந்து, "யார் தச்சது இது?" என்றாள்.

"நான்தான்க்கா" என்றேன்.

"கண்ணை எங்க வச்சுட்டுத் தச்ச?"

"தெரியலக்கா. மாறிப்போச்சு."

"இது முதல் தடவை. எச்சரிக்கை. என் சொந்தக்காரின்னு பார்க்க மாட்டேன்."

நான் தலையை ஆட்டினேன். அவள் விரலை எடுத்தாள். அந்தச் சதுரத்தை அவள் கண் முன்னாலேயே பிரித்து, இன்னொரு கருநீலத் துண்டை வைத்துத் தைத்தேன். அவள் மூலையில் இருந்த கறுப்பை அடுத்த வாரத்துக்குள் யாரோ சத்தமில்லாமல் மாற்றியிருந்தார்கள். யார் என்று நான் கேட்கவில்லை.

வீட்டுக்கு வந்து என் கணவரிடம் சொன்னேன். "வேலியில போற ஓணானை எடுத்து மடியில விட்டுக்கிட்ட" என்றார். அவர் சொன்னது சரி. நான் ஏன் ஏற்றுக்கொண்டேன் என்று எனக்கே புரியவில்லை. பாசம் என்று யாரும் நினைக்க வேண்டாம். வாரம் முழுவதும் என் தலைக்கு மேல் நடக்கிறவள் சனிக்கிழமை மத்தியானம் மட்டும்தான் நடப்பதில்லை. இன்று எச்சரிக்கை வாங்கினால் அடுத்த தப்புக்கு அவளும் இஸ்திரி மேசைக்குப் போக வேண்டும், போக மாட்டாள், கூட்டத்தைவிட்டே போய்விடுவாள். அவள் போட்ட சட்டம், அவளே வளைக்க மாட்டாள். அப்புறம் ஏழு நாளும் வீட்டில்தான். நான் என் சனிக்கிழமையைக் காப்பாற்றிக்கொண்டேன், அவ்வளவுதான் என்று கணவரிடம் சொன்னேன். அவர் நம்பியதாகத் தெரியவில்லை.

உண்மையைச் சொன்னால், எனக்குப் பயமாக இருந்தது. அவள் கணவர் காலையில் போனால் இருட்டித்தான் வருவார். பிள்ளைகள் வெளியூரில். துணியைக் கையில் எடுக்கும்போது மட்டும்தான் அவள் முகத்தில் ஒரு வெளிச்சம் வரும், அதை நான் பார்த்திருக்கிறேன். அது போய்விட்டால் அவளிடம் மிச்சம் இருப்பது எங்களைத் திட்டுவது ஒன்றுதான்.

கண்ணைக் காட்டச் சொல்லலாமே என்று கேட்பீர்கள். சொல்லாமலா இருப்பேன். மாடிக்குப் போய், சுற்றி வளைத்து, என் மருந்துக் கடைக்கு வருகிற பலருக்கும் இப்போது கண்ணில் புரை விழுகிறது, சின்ன அறுவைதான், அன்றே வீட்டுக்கு வந்துவிடுகிறார்கள் என்றெல்லாம் சொல்லிப் பார்த்தேன்.

"யாருக்கு?" என்றாள்.

"பொதுவா சொன்னேன்க்கா."

"எனக்கு என்ன கேடு? இன்னிக்கும் ஊசியில நூல் கோக்க எனக்குக் கண்ணாடி வேணாம். நீ உன் கண்ணைப் பார்த்துக்க. கறுப்பு எது, கருநீலம் எதுன்னு தெரியாதவ எனக்கு வைத்தியம் சொல்ல வந்துட்டா."

ஊசியில் நூல் கோப்பது உண்மைதான். கிட்டத்தில் எல்லாம் நன்றாகத் தெரிந்தது அவளுக்கு. நிறம்தான் காலை வாரியது. நான் படியிறங்கி வந்துவிட்டேன்.

அந்த நேரம் பார்த்து நூலகத்திலிருந்து ஆள் வந்தார். புதிதாக வந்திருக்கும் நூலகர். படிக்கும் அறையின் சுவரில் ஓதம் பூத்துப் பெரிய கறையாகிவிட்டதாம். படிக்க வருகிறவர்கள் புத்தகத்தை விட்டுவிட்டுக் கறையையே பார்க்கிறார்களாம். ஒருவர் அதில் ஒட்டகம் தெரிவதாகச் சொல்லி, இன்னும் நான்கு பேரைக் கூட்டி வந்து காட்டியிருக்கிறார். அதை மறைக்க ஒரு போர்வை வேண்டும், சுவரில் தொங்கவிட.

துணி புதிதாக வாங்க வேண்டாம், டீச்சர் மகன் போர்வையில் மிஞ்சியதே நிறைய இருக்கிறது என்றாள் அக்கா. மிஞ்சியது கறுப்பும் கருநீலமும். டீச்சர் உட்கார்ந்து ஒரு ஆறு வரைந்தார். கறுப்பு நிலம், அதன் நடுவே இடமிருந்து வலமாக வளைந்து வளைந்து ஓடும் கருநீல ஆறு. நெடுக்காக ஐந்து பட்டை. ஆளுக்கு ஒரு பட்டை. ஒவ்வொரு பட்டையிலும் ஆறு ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் வெளியே போக வேண்டும், பக்கத்துப் பட்டையில் உள்ள ஆற்றோடு சேர வேண்டும். ஒரு சதுரம் மாறினாலும் ஆறு அறுந்துவிடும்.

"கறுப்புல கருநீல ஆறா? யார் கண்ணுக்குத் தெரியும்?" என்றேன்.

"கண்ணு இருக்கிறவங்களுக்குத் தெரியும்" என்றாள் அக்கா.

டீச்சர் மெல்ல, "அக்கா, நீங்க இந்த ஓரப் பட்டையை எடுத்துக்கங்க. வேலை கம்மி" என்று சொல்லிப் பார்த்தார். ஓரப் பட்டையில் நீலம் கொஞ்சம்தான்.

"நடுப்பட்டை எனக்கு" என்றாள் அக்கா. சீட்டுக் குலுக்கினோம். எனக்கு வந்தது வெறும் சீட்டு. மற்றவர்கள் முகத்தில் எதையும் கண்டுபிடிக்க முடியவில்லை. சீட்டு எடுத்தவுடன் எல்லோரும் முகத்தைக் கல்லாக்கிக்கொள்வது வழக்கம்.

அடுத்த நாளே அக்கா தன் தங்கை வீட்டுக்குக் கிளம்பினாள். தைக்க வேண்டிய துண்டுகள் இருந்த பையும் கூடப் போனது. கொஞ்ச நாள் இருந்துவிட்டு வருவதாகச் சொன்னாள். தலைக்கு மேல் சத்தம் நின்றது. பல வருடமாக நான் வேண்டிக்கொண்டிருந்த அமைதி. இரண்டே நாளில் எனக்கு அது பிடிக்காமல் போய்விட்டது.

நான் என் பட்டையை எடுத்து வைத்துக்கொண்டு யோசித்தேன். அக்காவின் பட்டையில் நீலமும் கறுப்பும் கலந்து கட்டி வரப்போகிறது, அதில் சந்தேகமே இல்லை. அவள் பட்டை நட்டநடுவில் வேறு இருக்கிறது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியாது. ஆனால் சுற்றிலும் இன்னும் நாலு பூசணிக்காயை வைத்தால் முதல் பூசணிக்காய் யார் கண்ணையும் உறுத்தாது. என்னால் முடிந்தது ஒன்று. என் பட்டையிலும் ஆற்றை அறுத்துவிடுவது.

முதலில் ஒரே ஒரு சதுரத்தை மாற்றினேன். பார்த்தால் பட்டவர்த்தனமாகத் தப்பு. இன்னும் இரண்டை மாற்றினேன். இன்னும் மோசம். அப்போதுதான் புரிந்தது, ஒன்றிரண்டு மாறினால்தான் தப்பு, மொத்தமும் மாறினால் அது கொள்கை. நீலம் முழுவதையும் எடுத்துவிட்டுக் கறுப்பை வைத்தேன். நடுவில் கறுப்புத் துணி தீர்ந்துபோய், என் கணவரின் பழைய பேன்ட் ஒன்றை வெட்ட வேண்டியிருந்தது. இது எனக்கு இரண்டாவது தப்பாகக் கணக்காகும், இஸ்திரி மேசைதான் என்று தெரிந்தே செய்தேன். பரவாயில்லை, மருந்துக் கடையில் நாள் முழுக்க நிற்கிறவளுக்கு இஸ்திரி மேசை ஒன்றும் பெரிய தண்டனை இல்லை. அங்கிருந்து அக்காவைப் பார்த்துக்கொண்டு இருக்கலாம்.

அக்கா திரும்பி வந்தாள். வந்தவள் சரியில்லை. என் வீட்டுக்குள் நுழைந்தவுடன் ஜன்னல் கம்பியில் விரலால் தடவி, "என்னடி இது, மண்ணா? பயிர் வைக்கலாம் போலிருக்கே" என்றாள். இத்தனை வருடத்தில் அவள் குறை சொல்லாத விஷயம் அது ஒன்றுதான். பிறகு என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "உனக்கு இவ்வளவு நரைச்சிருக்கா? சொல்லவே இல்லையே" என்றாள்.

"இதெல்லாமா சொல்லிட்டுத் திரிவாங்க?"

"திரைச்சீலை எப்ப மாத்தின?"

"மாத்தலையேக்கா. அதேதான். நீங்க எடுத்துக்குடுத்ததுதான்."

"நான் பழுப்பு நிறத்துல இல்ல எடுத்தேன்?"

"ஊதாக்கா. எப்பவும் ஊதாதான்."

அவள் திரைச்சீலையைக் கையில் பிடித்துக்கொண்டு வெகுநேரம் நின்றாள். சரி, கண்ணோடு சேர்த்து இப்போது நினைவும் போகிறது என்று நினைத்துக்கொண்டேன்.

சனிக்கிழமை வந்தது. பட்டைகளைத் தரையில் விரித்துச் சேர்க்கும் நாள். அக்கா பட்டையை மட்டும் அவள் சுருட்டி மடியில் வைத்திருந்தாள். "முதல்ல நீங்க விரிங்க" என்றாள்.

நான் என்னுடையதை விரித்தேன். முழுக்கக் கறுப்பு. யாராவது கேட்பார்கள் என்று பதில் எல்லாம் தயாராக வைத்திருந்தேன். யாரும் கேட்கவில்லை. ஏனென்றால் வேன்காரம்மா தன்னுடையதை விரித்தார். அதில் ஆறு இரண்டு சதுரம் வந்துவிட்டு, வழி தவறி, காணாமல் போயிருந்தது. டாக்டரம்மா பட்டையில் ஒரு சதுரம் விட்டு ஒரு சதுரம் கறுப்பு, பல் விழுந்த வரிசை மாதிரி. டீச்சர் பட்டையில் ஆறு எதிர்த்திசையில் மேலே ஏறிப்போய் ஓரத்தில் முட்டிக்கொண்டு நின்றது. மாதிரி வரைந்தவரே அவர்தான்.

நாங்கள் நாலு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். பிறகு யாரும் யாரையும் பார்க்கவில்லை.

"எனக்குப் புள்ளிச் சீட்டு வந்துச்சு" என்றார் வேன்காரம்மா.

"எனக்கும்" என்றார் டாக்டரம்மா. அவருக்குப் பொய் சொல்லிப் பழக்கம் இல்லை. வலிக்காது என்று சொல்வதோடு சரி.

அக்கா மண்டியிட்டு உட்கார்ந்து, நடுவில் இருந்த இடைவெளியில் தன் பட்டையை விரித்தாள்.

ஆறு ஓடியது. ஒரு சதுரம் பிசகாமல், வளைவு வளைவாக, கருநீலத்தில். ஒரு பக்கம் எங்கிருந்தோ வந்து, மறுபக்கம் எங்கேயோ போயிற்று. இரண்டு பக்கமும் அதற்குப் போக்கிடம் இல்லை. ஊர் முழுக்க வற்றி, அவள் வாசலில் மட்டும் தண்ணீர் ஓடுகிற மாதிரி இருந்தது.

அக்கா வலது கண்ணைக் கையால் மூடிக்கொண்டு போர்வையைப் பார்த்தாள். பிறகு கையை மாற்றி இடது கண்ணை மூடிக்கொண்டு பார்த்தாள். மறுபடியும் வலது. மறுபடியும் இடது.

"வலது கண்ணுல ஆபரேஷன் ஆயிடுச்சு" என்றாள், யாரையும் பார்க்காமல். "தங்கச்சிதான் கூட்டிட்டுப் போனா. இடது கண்ணுக்கு அடுத்த மாசம்."

"சொல்லவே இல்லையேக்கா" என்றேன்.

"உங்கிட்ட எப்படிச் சொல்றது? நீதானே காரணம். செஞ்ச தப்பையே ஒத்துக்க மாட்ட நீ. சண்டை போடுவ. அன்னிக்கு ஒரு வார்த்தை பேசாம ஒத்துக்கிட்ட. அப்பவே தெரிஞ்சுபோச்சு, தப்பு உன்னோடது இல்ல, என்னோடதுன்னு."

பிறகு மறுபடியும் வலது கண்ணை மூடிக்கொண்டாள். அறுவை செய்யாத கண்ணால் எங்கள் நாலு பட்டைகளையும் ஒவ்வொன்றாகப் பார்த்தாள். "இந்தக் கண்ணுக்கு எல்லாம் ஒரே கறுப்பு, நீங்க தச்சதெல்லாம் சரியா இருக்கு" என்றாள். "இந்தக் கண்ணுக்காகத்தான் தச்சிருக்கீங்க."

கீழே கடையில் யாரோ குழாய் விலை கேட்டுக்கொண்டிருந்தது தெளிவாகக் கேட்டது.

அக்கா கையை எடுத்தாள். ஒவ்வொரு பட்டையாகக் குனிந்து தடவிப் பார்த்தாள். "நாலு பேரும் எனக்காகப் பொய் தச்சிருக்கீங்க. அந்தப் பொய்யையாவது நேரா தைக்கத் தெரியுதா? டீச்சர், இங்க தையல் ஒரு நூல் விலகியிருக்கு. டாக்டர், இது மடிப்பு திரும்பவே இல்ல. இது என்ன கறுப்பு? இது கடைத் துணி இல்லையே."

"வேன் சீட்டு உறைங்க" என்றார் வேன்காரம்மா மெல்ல.

"இது?"

"பேன்ட்டு" என்றேன்.

"கொழுந்தனார் பேன்ட்டா?"

"பழசுக்கா."

"பழசுன்னு அவருக்குத் தெரியுமா?"

அவள் எழுந்து தன் கைப்பையைத் திறந்து, மடித்த சீட்டு ஒன்றை எடுத்துப் பிரித்துக் காட்டினாள். அதில் புள்ளி இருந்தது.

"திருஷ்டித் துண்டு எனக்குத்தான் வந்துச்சு. நான்தான் தப்பாத் தைக்கணும். இத்தனை நாள் தெரியாமலே தப்பாத் தச்சுட்டேன், தெரிஞ்சப்புறம் ஒரு தடவையாவது சரியாத் தச்சுப் பார்க்கணும்னு ஆசையா இருந்துச்சு. தச்சேன். சட்டத்தை மீறிட்டோமேன்னு வழியெல்லாம் வருத்தப்பட்டுட்டு வந்தேன்." போர்வையை மறுபடியும் பார்த்தாள். "மீறல. எல்லாம் ஒரு மாதிரி இருக்கு, ஒண்ணு மட்டும் வேற மாதிரி இருக்கு. வேற மாதிரி இருக்கிறது என்னோடதுதான்."

"பிரிச்சுத் தச்சிடலாம்க்கா" என்றார் டீச்சர். "ஒரு வாரம் போதும். ஆறு சரியா வந்துடும்."

"ஒரு தையலைப் பிரிச்சீங்க, கையை வெட்டிடுவேன்" என்றாள் அக்கா. "ஆனா சட்டம்னு ஒண்ணு இருக்கு. சீட்டுல புள்ளி இல்லாம தப்புத் தச்சது நாலு பேர். தெரியாமச் செஞ்சாத்தான் எச்சரிக்கை. தெரிஞ்சே செஞ்சா நேரா மேசைதான். போங்க, நாலு பேரும் இஸ்திரி மேசைக்கு."

நாலு பேரும் போனோம். மேசை ஒன்று, இஸ்திரிப்பெட்டி ஒன்று. ஒருவர் தேய்க்க, ஒருவர் தண்ணீர் தெளிக்க, மற்ற இருவரும் துணியின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றோம். அவ்வளவு நெரிசலாக அந்த மேசை ஒருநாளும் இருந்ததில்லை. தேய்த்த பட்டைகளை ஒவ்வொன்றாகக் கொண்டுபோய்க் கொடுக்க, அக்கா எங்களுக்கு முதுகைக் காட்டி மெஷினில் உட்கார்ந்து அவற்றைச் சேர்த்துத் தைத்தாள். கொஞ்ச நேரத்தில் அவள் தோள் குலுங்குவது தெரிந்தது.

"மெஷின் ரொம்ப ஆடுதுங்க" என்றார் வேன்காரம்மா. "எண்ணெய் போடணும்."

"ஆமா, போடணும்" என்றேன்.

மெஷின் அப்போது நின்றிருந்தது.

பின்பக்கத் துணியும் நடுவில் பஞ்சும் வைத்து முழுப் போர்வையாக முடிந்ததும் எல்லோருமாக நூலகத்துக்கு எடுத்துக்கொண்டு போனோம். நூலகர் ஏணி போட்டு மாட்டினார். ஒட்டகம் மறைந்தது, கால் நுனி மட்டும் கொஞ்சம் தெரிந்தது. அவர் பின்னால் நகர்ந்து நின்று, தலையைச் சாய்த்துப் பார்த்தார்.

"நல்லா இருக்குங்க. என்னது இது?"

"ஆறு" என்றார் டீச்சர்.

"நடுவுல மட்டும்தானே ஓடுது? மத்த எடத்துல காணோமே?"

நாங்கள் நாலு பேரும் தரையைப் பார்த்தோம். ஆளுக்கொரு பொய் தயாராக இருந்திருக்கும், என்னிடம் இருந்தது. அக்கா முந்திக்கொண்டாள்.

"மத்த எடத்துல மண்ணுக்கு அடியில ஓடுது. மேலேருந்து பார்த்தாத் தெரியாது" என்றாள். "எனக்கே இப்பத்தான் தெரிஞ்சுது."

நூலகர் தலையை ஆட்டினார். அவருக்கு ஓதம் மறைந்தால் போதும். நான் ஏணியைப் பிடிக்கிற சாக்கில் திரும்பி நின்று முகத்தைத் துடைத்துக்கொண்டேன்.

"என்னடி, அழறியா?" என்றாள் அக்கா, அறையின் அந்தக் கோடியிலிருந்து.

"இல்லக்கா. தூசி."

"தூசி இல்ல" என்றாள்.

அவளிடம் இப்போதெல்லாம் எதையும் மறைக்க முடிவதில்லை.